கூடவே வருபவை

பிப்ரவரி 3, திங்கள்

நான் கேட்டது ஒரு சின்ன ஒலிப்பான். ஒலிப்பதிவை மெதுவாக ஓட்டும், நிறுத்தும், நாலு நொடி பின்னால் தள்ளும். அளவு நானூறு கேபி. செல்போனில் எடுக்கிற ஒரு போட்டோகூட அதைவிடப் பெரிது. கணினி சொன்னது: இதோடு சேர்த்து நூற்று நாற்பத்தொரு மென்பொருள் பொதிகள் நிறுவப்படும், அறுநூற்றுப் பன்னிரண்டு எம்பி இடம் பிடிக்கும், தொடரவா?

பழக்கதோஷத்தில் எண்டரைத் தட்டித் தொலைத்துவிட்டேன். பிறகுதான் பட்டியலைப் படித்தேன். ஒரு மின்னஞ்சல் சேவையகம். ஸ்கேனர் ஓட்ட ஒன்று. சிடி எழுத ஒன்று. இந்த மடிக்கணினியில் சிடி போட ஓட்டையே கிடையாது. சீன எழுத்துருக்கள். பாட்டின் தாளத்துக்குத் தகுந்தபடி திரையில் வண்ணக் கோலம் போடும் ஒரு நிரல். இத்தனையும் யாருக்கு? நான் கணினி சொல்லிக்கொடுக்கும் எங்கள் மன்றத்துக்கு. இங்கே வருகிற பதினோரு பேரில் ஒருவருக்கும் கண் தெரியாது.

பாதியில் ஒரு நீலத் திரை வந்து நின்றது. உங்களுக்கு எந்த வகை அஞ்சல் சேவை வேண்டும் என்று கேட்டது. எனக்கு எந்த அஞ்சலும் வேண்டாம் என்று சாத்தூர் மெயின் ரோடு வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். கீழே சைக்கிள் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். கத்துவதையெல்லாம் எழுதித் தொலையுங்கள், வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள் என்று மனைவி சண்முகக்கனி போன வருடம் இந்த டைரியை வாங்கிக் கொடுத்தாள். எழுதுகிறேன்.

இது இங்கே படிக்கிற தங்கமாரிக்காக. பதினேழாம் தேதி மதுரையில் அவளுக்குச் சோதனை. ஒலிநூல் தயாரிக்கிற நிறுவனம் ஒன்று, பேச்சைக் கேட்டுத் தமிழில் அடிக்கிற வேலை. அரை மணி நேரம், நிமிடத்துக்கு முப்பது சொல். பழகிய கணினியைக் கொண்டுவரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவளிடம் கணினி இல்லை. மன்றத்து மடிக்கணினியைத் தருவதாக நான்தான் வாக்குக் கொடுத்தேன். இருபத்தேழு வயது. பதினோரு வயதில் மூளைக்காய்ச்சலில் பார்வை போனது. இந்த வேலை கிடைக்காவிட்டால் சித்திரையில் கோயம்புத்தூர் விடுதிக்கு அனுப்பிவிடுவதாகத் திருப்பூரில் இருக்கும் அண்ணன் சொல்லிவிட்டான். அங்கே நாற்காலிக்கு வயர் பின்னுவார்கள். அவள் விரல்கள் அதற்கானவை அல்ல. நான் பார்த்த எவரையும்விட வேகமாக அடிக்கிறாள்.

மடிக்கணினியின் வட்டில் மொத்தமே பதினாறு ஜிபி. இப்போது முந்நூறு எம்பிதான் மிச்சம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் ஓட்டலில் இரண்டு இட்லி கேட்டேன். இட்லி வந்தது, கூடவே வடை வந்தது. வடை கேட்கவில்லையே என்றேன். “எல்லாரும் சாப்பிடுவாங்க சார், இருக்கட்டும்.” நான் எல்லாரும் இல்லை என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையைப் பார்த்து வடையைத் தின்றுவிட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டேன்.

ஒவ்வொரு பொதியையும் கட்டுகிறவர் அதோடு பட்டியல்களும் எழுதி வைக்கிறார். முதல் பட்டியல் அவசியம்: இவை இல்லாமல் நிரல் ஓடாது. இரண்டாவது பரிந்துரை: இல்லாவிட்டாலும் ஓடும், இருந்தால் நல்லது. நம் இயங்குதளம் என்ன செய்கிறதென்றால், இரண்டாவதையும் முதலாவது மாதிரியே பாவித்துச் சத்தமில்லாமல் ஏற்றிவிடுகிறது. அந்தப் பரிந்துரைக்கு ஒரு பரிந்துரை, அதற்கு ஒன்று. கல்யாணத்துக்கு ஒருவரைக் கூப்பிட்டால் வேன் பிடித்து வந்து இறங்குகிறார்களே, அதே கதை.

ஒலிப்பானுக்கு உண்மையில் அவசியமானவை இரண்டே இரண்டு. மீதி நூற்று முப்பத்தொன்பதும் வேனில் வந்தவர்கள். அந்தப் பொதியைப் பராமரிப்பவருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். மரியாதையாகத்தான் எழுதினேன். இரண்டு இடத்தில் மட்டும் காரம் கூடியிருக்கலாம்.

மடிக்கணினி எழுந்திருக்க இப்போது நாலு நிமிடம் ஆகிறது. அடிக்கும்போது, அடித்ததை வாசித்துச் சொல்லும் கணினிக் குரல் திக்குகிறது. தங்கமாரி ஒரு சொல் அடித்து முடித்த பிறகுதான் முந்தைய சொல்லைப் படிக்கிறது. “எனக்கு முன்னால நானே நடந்து போற மாதிரி இருக்கு சார்” என்றாள். இன்று நிமிடத்துக்கு இருபத்து மூன்று சொல்.

பிப்ரவரி 7, வெள்ளி

கூடவே வருபவை என்றால் இன்னொன்றும் இருக்கிறது. தங்கமாரியின் மதினி, அண்ணன் மனைவி குருவம்மாள். தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் கட்டுகிற வேலை. இந்த மாதம் வேலை குறைவாம், அதனால் தினமும் கூடவே வந்து அவள் உட்காரும் ஐந்தாம் கணினிக்குப் பக்கத்தில் பெஞ்சைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறது அந்தம்மா. சும்மா உட்கார்ந்தால் பரவாயில்லை. ஒரு சுளகு நிறையப் பூண்டு. உரித்துக்கொண்டே பேச்சு. தங்கமாரியை ராணி என்றுதான் கூப்பிடுகிறது.

“ஏ ராணி, ரெண்டாவது வரியில ‘வந்தார்கள்’ல கால் விட்டுப்போச்சு பாரு.”

“குரல் சொல்லும் மதினி, நீங்க சும்மா இருங்க.”

“அது எங்க சொல்லுது, தகர டப்பாவுல கல்லைப் போட்டுக் குலுக்குன மாதிரில்ல இருக்கு. சார், இதுக்கு ஒரு நல்ல பொம்பளப்புள்ள குரலா வைக்கக் கூடாதா?”

பூண்டுத் தோல் விசைப்பலகைக்குள் போகிறது. அறை முழுக்க வாடை. படிக்க வந்த மற்றவர்களும் சிரிக்கிறார்கள். இது பயிற்சிக்கூடமா, சந்தையா?

பிப்ரவரி 10, திங்கள்

பலகை எழுதி மாட்டிவிட்டேன். ‘பயிற்சி பெறுவோர் தவிர மற்றவர்கள் உள்ளே அமர அனுமதி இல்லை.’ செயலாளர் ஜெயசீலனிடம் கேட்டுக்கொண்டுதான் செய்தேன். “உங்க இடம், நீங்க பார்த்துச் செய்யுங்க சீனிராஜ்” என்றார்.

மன்றத்தில் அந்தப் பலகையைப் படிக்கக்கூடியவர் என்னைத் தவிர ஒருவர்தான். அவர் படித்தார். “சரி சார்” என்றார். சுளகை எடுத்துக்கொண்டு கீழே போய்ச் சைக்கிள் கடை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். மதியத்துக்கு மேல் அங்கே வெயில் வரும். அது என் பிரச்சினை அல்ல.

அறை அமைதியாக இருக்கிறது. தங்கமாரி அடித்துக்கொண்டே இருந்தாள். இருபத்து நான்கு சொல்.

பிப்ரவரி 12, புதன்

பராமரிப்பவர் பதில் எழுதியிருக்கிறார். எந்த நாட்டுக்காரர் என்று தெரியவில்லை, பெயரில் மெய்யெழுத்துகள்தான் அதிகம். ‘பெரும்பாலான பயனர்களுக்கு இவை தேவைப்படும் என்பதால் பரிந்துரைக்கிறோம். வேண்டாதவர்கள் நீக்கிக்கொள்ளலாம். நீக்கும்முன் எது எதைத் தாங்கி நிற்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.’

பெரும்பாலான பயனர்கள்! அவர்களை நான் இதுவரை சந்தித்ததே இல்லை. ஓட்டலில் வடை வைக்கிறவரும் அவர்களை நம்பித்தான் வைக்கிறார். முப்பது வருடமாகக் கணினி பார்க்கிறேன், எனக்கே எது எதைத் தாங்குகிறது என்று பாடம் நடத்துகிறார். நல்ல கதைதான்.

இன்னொரு எரிச்சல். ஞாயிறன்று போடிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் மச்சினன் மகளுக்குக் காதுகுத்து. சனிக்கிழமையே கிளம்ப வேண்டுமாம். நான் வராவிட்டால் காதில் ஓட்டை விழாதா என்று சண்முகக்கனியிடம் கேட்டேன். தாய்மாமன் மடி அவசியம், ஒப்புக்கொள்கிறேன். நான் அத்தை புருஷன். வெறும் பரிந்துரை.

“அந்தப் பரிந்துரைக்குத்தான் வேட்டி எடுத்து வச்சிருக்காங்க. பேசாம வாங்க” என்றாள்.

பிப்ரவரி 15, சனி

இன்றைக்கு நிம்மதி. இரண்டு வாரக் கோபத்தைத் தீர்த்துக்கொண்டேன்.

ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருந்தால் சித்திரை வந்துவிடும். அமைப்புக் கோப்பைத் திறந்து இரண்டே வரி எழுதினேன். ஒன்று: இனிமேல் பரிந்துரை எதையும் ஏற்றாதே. இரண்டு: முன்பே பரிந்துரையின் பேரில் வந்ததை எல்லாம் ஆளில்லாததாகக் கணக்கில் கொள். பிறகு, ஆளில்லாதவை எல்லாவற்றையும் துடைத்துப்போடு என்று ஒரு கட்டளை. இருநூற்றுச் சொச்சம் பொதிகள் திரையில் மளமளவென்று ஓடி மறைந்தன. படித்துக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு சந்தோஷம். விசில் அடித்தேன் என்று நினைக்கிறேன்.

தங்கமாரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். “என்ன சார், பழைய பாட்டெல்லாம் வருது?” என்றாள். குப்பை வாரிக் கொட்டிவிட்டேன் என்றேன்.

உட்கார வைத்து அடித்துப் பார்க்கச் சொன்னேன். என்ன வேகம்! குரல் திக்கவே இல்லை. முப்பத்து நான்கு சொல். அவள் தன் மடியில் கையை வைத்துக்கொண்டாள். “கிடைச்சிரும்ல சார்?” என்றாள். கிடைக்காமல் எங்கே போகும் என்றேன். அணைத்து, உறையில் போட்டு, கையில் கொடுத்தேன். கீழே வெயிலில் இருந்து குருவம்மாள் எழுந்து வந்து வாங்கிக்கொண்டார்.

இதைப் பேருந்தில் எழுதுகிறேன். எழுத்து கோணுகிறது. மனம் லேசாக இருக்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

காது குத்தியாயிற்று. குழந்தை அழுதது. எல்லாரும் சாப்பிட்டார்கள்.

இதை எழுத உட்கார்ந்து அரை மணி ஆகிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்குப் பந்தலில் செல்போன் அடித்தது. இந்தத் தோட்டத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் பேசுகிற அளவுக்கு டவர் கிடைக்கும்: தண்ணீர்த் தொட்டிப் படிக்கட்டு. அங்கே ஓடினேன். குருவம்மாளின் பட்டன் போன். பேசியது தங்கமாரி.

“சார், கணினி பேச மாட்டேங்குது.”

குரல் அளவைக் கூட்டிப் பார்த்தாயா? பார்த்தாள். காதொலிப்பான் மாட்டி? மாட்டினாள். அணைத்துப் போட்டு? ஏழு தடவை. காலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரைக்கும் தானாகவே என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறாள். எனக்குத் தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்று நினைத்தாளாம்.

“நான்தான் சார் எதையோ தப்பாத் தட்டிட்டேன். ராணி ராணின்னு எல்லாரும் தூக்கிவச்சு, கடைசியில நானே கெடுத்துட்டேன்.” அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. திரையைப் படிக்கும் நிரல் அவசியப் பட்டியலில் இருக்கிறது. அதைப் பேசவைக்கிற குரல் பரிந்துரைப் பட்டியலில் இருக்கிறது. ஏனென்றால் அவரவர் விருப்பப்பட்ட குரலை வைத்துக்கொள்ளலாம், இதுதான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நேற்று மாலை அது பேசியது எப்படி என்றால், முன்பே எழுந்து ஓடிக்கொண்டிருந்தது. வட்டிலிருந்து துடைத்தாலும் ஓடிக்கொண்டிருப்பது அணைக்கும் வரை ஓடும். நான் அணைத்து மறுபடி போட்டுப் பார்க்கவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

அவளிடம், “சில நேரம் இப்படி ஆகும்மா, சரி பண்ணிடலாம்” என்றேன்.

வீடியோவில் காட்டச் சொன்னேன். இங்கே படம் ஒரு நொடி வந்து உறைந்துவிட்டது. அவளுடைய தொடுதிரை போனைக் கேபிள் போட்டுக் கணினியோடு இணைக்கச் சொன்னேன், இணையத்துக்கு. பட்டன் போன் பேச்சுக்கு. கட்டளைச் சாளரம் திறக்கிற விசைகள் அவளுக்கு மனப்பாடம். குரலை நிறுவும் கட்டளையை எழுத்து எழுத்தாகச் சொன்னேன், அடித்தாள், எண்டர். பிறகு? திரையில் என்ன வந்தது என்று யார் சொல்வது?

“பக்கத்துல யாரு இருக்கா?”

“மதினி இருக்காக.”

“வேற யாராவது? இங்கிலீஷ் படிச்சவங்க?”

“ஞாயித்துக்கிழமை சார். தெருவே இருக்கன்குடி கோயிலுக்குப் போயிருக்கு.” கொஞ்சம் நிறுத்தி, “மதினியும் போறதாத்தான் இருந்தாக” என்றாள்.

குருவம்மாள் போனுக்குள் கத்தினார். “சார், நான் அஞ்சாப்புதான். இங்கிலீஷ்ல பெரிய எழுத்து மட்டும் தெரியும். பண்டல்ல ஊர்க்குறி ஒட்டுவோம்ல, அந்தப் பழக்கம். சின்ன எழுத்துன்னா எனக்கு வெளங்காது.”

பெரிய எழுத்து மட்டும். சரி, இருப்பதை வைத்துத்தான் ஆக வேண்டும்.

“திரையில என்ன தெரியுது, சொல்லுங்க.”

“தமிழ்ல என்னமோ இருக்கு சார். கன்னாபின்னான்னு. ‘யனழ’ன்னு போட்டிருக்கு. சாமி வந்தவ பேசுன மாதிரி இருக்கு.”

விசைப்பலகை தமிழில் நின்றிருக்கிறது. இரண்டு வாரமாகத் தமிழ்தானே அடிக்கிறாள். ஆங்கிலத்துக்கு மாற்றி மறுபடி அடிக்கச் சொன்னேன். கடவுச்சொல் கேட்கும், திரையில் எழுத்து விழாது, பயப்படாமல் அடி என்றேன். அடித்தாள்.

“இப்போ?”

“ஒரு பெரிய ஈ. பக்கத்துல ரெண்டு புள்ளி, ஒண்ணு மேல ஒண்ணு.”

ஈயும் இரண்டு புள்ளியும் வந்தால் தவறு என்று அர்த்தம். என்ன தவறு? “அதுக்கு அடுத்த எழுத்து பெரிசா? என்ன எழுத்து?”

“யூ. லாடம் மாதிரி இருக்கும்ல, அது. அதுக்கப்புறம் எல்லாம் பொடிப்பொடியா இருக்கு.”

யூ என்றால் அந்தப் பெயரில் பொதி இல்லை என்கிறது. எங்கோ ஓர் எழுத்துப் பிழை. நான் அவசரமாகச் சொன்னேனா, அவள் விசை மாறித் தட்டினாளா, தெரியவில்லை. அடித்த வரியில் ஒவ்வோர் எழுத்தாகப் பார்க்க வேண்டும். எல்லாம் சின்ன எழுத்து.

“எனக்குப் பேரு தெரியாது சார். எப்படி இருக்குன்னு வேணா சொல்றேன்.”

அப்போதுதான் தங்கமாரி குறுக்கிட்டாள். “சார், நீங்க சும்மா இருங்க. மதினி, எனக்குச் சொல்லுங்க. எனக்கு எழுத்து ஞாபகம் இருக்கு. ஆறாப்பு வரைக்கும் பார்த்திருக்கேன்ல.”

நான் சும்மா இருந்தேன். தண்ணீர்த் தொட்டிப் படியில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்து, எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பவன் மாதிரி மூச்சு வாங்க, அந்த இரண்டு பேரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“முதல்ல ஒரு பாம்பு நெளிஞ்ச மாதிரி.”

“சரி. அடுத்தது?”

“ஒரு குச்சி. குச்சிக்கு ஒரு தொந்தி.”

“தொந்தி மேலயா கீழயா?”

“மேல இருக்கு. குச்சி கீழ நீண்டு தொங்குது.”

“தொந்தி எந்தப் பக்கம் மதினி? உங்க சோத்துக்கைப் பக்கமா?”

“சோத்துக்கைப் பக்கம்.”

“சரிதான். அடுத்தது?”

இப்படியே இருபத்து நாலு எழுத்து. இடையில் இரண்டு தடவை டவர் போனது. பந்தலில் இருந்து சண்முகக்கனி சாப்பிடக் கூப்பிட்டாள், கையைக் காட்டினேன். பதினேழாவது எழுத்தில், “இங்ஙன பாம்பு இல்ல, ஒரு கொக்கி” என்றார் குருவம்மாள். “அங்க பாம்பு இருக்கணும் மதினி. பிடிச்சிட்டீக!” என்று தங்கமாரி கத்தினாள். திருத்தினாள். எண்டர்.

“வரிவரியா ஓடுது சார். நின்னுருச்சு. கடைசியில ஒரு சின்னப் பெட்டிக்குள்ள கவட்டை மாதிரி ஒரு எழுத்து. ஒய்! ஒய் எனக்குத் தெரியும்!”

தொடரவா என்று கேட்கிறது. பட்டியலைப் படித்துக்கூடப் பார்க்காமல் எத்தனையோ ஆயிரம் தடவை நான் தட்டிய இடம். ஒய்யைத் தட்டச் சொன்னேன். மூன்று எம்பி. இரண்டு நிமிடம் ஆனது. அணைத்துப் போடச் சொன்னேன்.

போனில் ஒரு நிமிடம் வெறும் மின்விசிறிச் சத்தம். பிறகு தூரத்தில் அந்தத் தகர டப்பா: ‘திரைப் படிப்பான் இயங்குகிறது.’

“பேசுது சார்! பேசுது! ஏ தாயி, பேசுதுடி!” குருவம்மாள்தான். அப்புறம்தான் தங்கமாரி அழுதாள்.

இலை போட்டு எல்லாம் ஆறியிருந்தது. நான் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

சோதனை பதினோரு மணிக்கு. நான் பேருந்தில் இருந்தேன். மதியம் இரண்டு மணிக்குக் குருவம்மாள் கூப்பிட்டு, “நல்லா அடிச்சிருக்காளாம்” என்றார். அவரை உள்ளே விடவில்லையாம், வாசலில் நாற்காலி கொடுத்தார்களாம்.

அந்தப் பராமரிப்பவரின் கடிதத்தை மறுபடி படித்தேன். பதில் போடவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

பலகை கழன்று விழுந்துவிட்டது. ஆணி சரியில்லை.

குருவம்மாள் இன்று வரவில்லை. பண்டல் வேலை இருந்ததாம்.

பிப்ரவரி 21, வெள்ளி

தங்கமாரிக்கு வேலை கிடைத்துவிட்டது! மார்ச் மூன்றாம் தேதி சேர வேண்டும். நிமிடத்துக்கு முப்பத்தாறு சொல். திருப்பூர் அண்ணன் தெரு முழுவதற்கும் மிட்டாய் வாங்கிக் கொடுக்கச் சொன்னானாம். கோயம்புத்தூர்ப் பேச்சை இனி யாரும் எடுக்க மாட்டார்கள்.

சந்தோஷமாக இருக்கிறது. இருக்க வேண்டிய அளவு இல்லை.

பிப்ரவரி 22, சனி

மன்றத்தில் பாராட்டுக் கூட்டம். ஜெயசீலன் பேசினார். நூறு கிலோமீட்டருக்கு அப்பால் மலை மேல் இருந்துகொண்டு, பழுதான கணினியைத் தொலைபேசியிலேயே உயிர்ப்பித்த நம் சீனிராஜ் என்றார். கைதட்டினார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார். தங்கமாரி எழுந்து, “நான் தெரியாம எதையோ தொட்டுக் கெடுத்ததை சார்தான் சரி பண்ணிக் கொடுத்தாங்க” என்றாள்.

அவள் அதைச் சொல்லும்போது முகத்தை நேரே என் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள். நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பது அவளுக்கு எப்போதும் தெரியும்.

நான் எழுந்து கும்பிட்டேன். ஒன்றும் பேசவில்லை. தன்னடக்கம் என்று ஜெயசீலன் சொன்னார். குருவம்மாள் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு உட்கார இடம் இல்லை. யாரும் அவர் பெயரைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பொன்னாடை உறுத்துகிறது. மட்ட ரகம்.

பிப்ரவரி 24, திங்கள்

சொல்லிவிட்டேன்.

தங்கமாரி மடிக்கணினியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு ஐந்தாம் கணினிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்குக் குரல் போனது உன்னால் இல்லைம்மா, என்னால்தான் என்றேன். இரண்டு வரி எழுதியதை, பட்டியலைப் படிக்காமல் துடைத்ததை, அணைத்துப் போட்டுப் பார்க்காததை, எல்லாவற்றையும் சொன்னேன். நாலு மணி நேரம் உன்னையே நீ திட்டிக்கொண்டிருந்தாய், அப்போதும் நான் சொல்லவில்லை, சனிக்கிழமை பொன்னாடையை வேறு வாங்கிக்கொண்டேன் என்றேன்.

“தெரியும் சார்” என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

“குரல் வந்த அன்னைக்கே கேட்டுட்டேன். என்னென்ன நிறுவினோம், என்னென்ன நீக்கினோம்னு கணினி ஒரு குறிப்பு எழுதி வைக்கும்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க. நான் எதைத் தட்டிக் கெடுத்தேன்னு பார்க்கலாம்னு அதைத் திறந்து படிக்க விட்டேன். இருநூத்திப் பதினாறு பேரு. குரல் தன் பேரையும் தானே படிச்சுது. பதினஞ்சாம் தேதி, சாயங்காலம் நாலு பன்னெண்டு.” விரலால் மேசையை ஒரு தட்டுத் தட்டினாள். “அந்நேரம் நீங்க விசில் அடிச்சுக்கிட்டு இருந்தீங்க.”

நான் மடிக்கணினி உறையைத் திறந்து மறுபடி மூடினேன்.

“அப்புறம் ஏம்மா சனிக்கிழமை அப்படிச் சொன்னே?”

“நீங்க எந்திரிச்சு இல்லைன்னு சொல்வீங்கன்னு நினைச்சேன்.”

திட்டியிருக்கலாம். அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, இவ்வளவு வெட்கப்பட்டதாக ஞாபகம் இல்லை. செயலாளரிடம் போய் நானே சொல்கிறேன், வேறு என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

“எனக்கு ஒண்ணும் வேணாம் சார், நான் மூணாம் தேதி போயிருவேன். ஆனா மதினி இங்க வருவாக. சின்ன எழுத்தும் படிக்கணும்னு ஆசையா இருக்காக. அவுகளுக்கு ஒரு நாற்காலி போடுங்க. பெஞ்சு வேணாம். நாற்காலி.”

பிப்ரவரி 25, செவ்வாய்

ஜெயசீலனிடம் சொன்னேன். அடுத்த கூட்டத்தில் இதைச் சொல்லியே ஆக வேண்டுமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மன்றத்தில் கை வைத்த நாற்காலி ஒன்றுதான், நான் உட்காருவது. அதை ஐந்தாம் கணினிக்குப் பக்கத்தில் போட்டு, பொன்னாடையை மடித்து அதன் மேல் வைத்தேன். குருவம்மாள் பத்தே காலுக்கு வந்தார். இது யாருக்கு சார் என்றார். உங்களுக்குத்தான், அன்றைக்கே வந்திருக்க வேண்டியது என்றேன். தடவிப் பார்த்தார், உட்கார்ந்தார், பொன்னாடையை மடியில் விரித்தார், சுளகில் இருந்த பூண்டை அதில் கொட்டினார். ஜரிகை முழுக்கத் தோல்.

நான் பெஞ்சில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். முதுகு வலிக்கிறது.